புதிய ஆண்டு மாடலுக்காகக் காத்திருக்கலாமா?

வாசகர் கேள்வி (2025-இன் கடைசியில் வந்தது):

மதிப்பிற்குரிய ஐயா, நான் ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். 350 சிசி மோட்டார் சைக்கிள் வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. தீபாவளிக்கே எடுத்திருப்பேன், தங்கையின் கல்லூரிக் கட்டணம் குறுக்கே வந்துவிட்டது. இப்போது பணம் சேர்ந்திருக்கிறது. "டிசம்பர் 31-க்குள் எடுத்தால் பத்தாயிரம் ரூபாய் தள்ளுபடி" என்று ஷோரூமில் சொல்கிறார்கள். நண்பர்களோ, "ஜனவரியில் 2026 மாடல் வந்துவிடும். இப்போது எடுத்தால் ஒரே மாதத்தில் பழைய வண்டி ஆகிவிடும்" என்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் மாமா மகன், அங்கே 2026 மாடல்கள் ஆகஸ்டு, செப்டம்பரிலேயே கடைக்கு வரத் தொடங்கிவிட்டன என்கிறார். அம்மாவுக்கு மார்கழியில் வண்டி எடுப்பதே பிடிக்கவில்லை. உண்மையில் 2026 மாடல் எப்போது வரும்? காத்திருப்பதா, எடுத்துவிடுவதா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

நம் ஊரில் ஜனவரி 1 அன்று '2026 மாடல்' என்று புதிதாக ஒன்று பிறப்பதில்லை. ஜனவரியில் ஷோரூமுக்கு வருவது 2026-இல் தயாரான வண்டி, அவ்வளவுதான். டிசம்பர் 20-ஆம் தேதி ஆலையைவிட்டு வெளியேறிய வண்டிக்கும் ஜனவரி 5-ஆம் தேதி வெளியேறிய வண்டிக்கும் பெரும்பாலும் ஒரு திருகாணிகூட வேறுபடாது. ஆர்சி புத்தகத்தில் அச்சாகும் தயாரிப்பு ஆண்டு மட்டும் வேறுபடும். அந்த எண்ணுக்கு ஒரு மதிப்பு இல்லாமல் இல்லை. ஆனால் எவ்வளவு மதிப்பு என்பது, வண்டியை நீங்கள் எத்தனை ஆண்டு வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால் அதை ரூபாயிலேயே போட்டுக் காட்டுகிறேன். அதற்கு முன் சில விஷயங்களைத் தெளிவாக்கிவிட வேண்டும்.

மாமா மகன் சொன்னது சரிதான். ஆனால் அது அந்த நாட்டு நடைமுறை. அமெரிக்காவில் 'மாடல் ஆண்டு' என்பதற்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. அங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, புகை அளவுக்கான சான்றிதழை மாடல் ஆண்டு வாரியாகத்தான் வழங்குகிறது. 2026 மாடல் என்றால் அதன் உற்பத்திக் காலத்துக்குள் 2026 ஜனவரி 1 அடங்கியிருக்க வேண்டும். ஆனால் உற்பத்தியை 2025 ஜனவரி 2-ஆம் தேதியிலிருந்தேகூடத் தொடங்கலாம். ஆகவே 2025 ஜூலையில் செய்த வண்டியை 2026 மாடல் என்று விற்பது அங்கே முறையானதே. பனிக்காலத்தில் அங்கே பல மாநிலங்களில் மோட்டார் சைக்கிளை மூடி வைத்துவிடுவார்கள். வசந்தத்தில்தான் விற்பனை சூடுபிடிக்கும். அதற்குள் கடைகளை நிரப்ப வேண்டும் என்பதால் கோடையின் கடைசியிலேயே அடுத்த ஆண்டு வண்டிகள் வரத் தொடங்கிவிடுகின்றன. எல்லா நிறுவனமும் அப்படி என்றும் சொல்ல முடியாது. நெடுங்காலம் ஆகஸ்டு, செப்டம்பரையொட்டிப் புதிய வரிசையை வெளியிட்டு வந்த ஹார்லி-டேவிட்சன், 2021-இலிருந்து அதை ஜனவரிக்கு மாற்றிக்கொண்டது.

இந்தியாவில் தாள்களில் ஏறுவது தயாரான மாதமும் ஆண்டும்தான். விற்பனையாளர் தரும் விற்பனைச் சான்றிதழான படிவம் 21-இல் அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. பதிவுச் சான்றிதழிலும் அதுவே ஏறுகிறது. '2025 மாடல்', '2026 மாடல்' என்று ஷோரூமில் பேசுவதெல்லாம் பேச்சு வழக்கு. சில சமயம் அது புதிய நிறத்தைக் குறிக்கும், சில சமயம் புதிய விளக்கை, சில சமயம் வெறும் ஆண்டை.

அப்படியானால் வண்டியே மாறுவது எப்போது? நீங்கள் எந்த நிறுவன வண்டி என்று எழுதவில்லை. 350 சிசியில் அதிகம் விற்கும் ராயல் என்ஃபீல்டையே எடுத்துக்கொள்கிறேன். புல்லட் 350-இன் புதிய வடிவம் 2023 செப்டம்பர் 1 அன்று வந்தது. கிளாசிக் 350-இன் புதுப்பித்த வரிசைக்கு 2024 செப்டம்பர் 1 அன்று விலை அறிவித்தார்கள். ஹண்டர் 350 புதுப்பிக்கப்பட்டது 2025 ஏப்ரலில். மீட்டியார் 350-க்கு 2025 செப்டம்பரில் மாற்றங்கள் வந்தன. இந்த நான்கில் ஒன்றுகூட ஜனவரியில் இல்லை என்பதைக் கவனியுங்கள். செப்டம்பர் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் உண்டு. ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் ஓணம், விநாயகர் சதுர்த்தி, நவராத்திரி, தீபாவளி என்று நாட்டின் பெரிய விற்பனைக் காலம் தொடங்குகிறது. புதிய வண்டி கையில் இருக்க வேண்டிய நேரம் அது.

நவம்பரில் வேறொரு பரபரப்பு எழும். இத்தாலியின் மிலான் நகரில் ஐக்மா கண்காட்சி, கோவாவில் ராயல் என்ஃபீல்டின் மோட்டோவர்ஸ் விழா என்று படங்களும் செய்திகளும் குவியும். உங்கள் நண்பர்கள் அவற்றைப் பார்த்துத்தான் "ஜனவரியில் வந்துவிடும்" என்று சொல்லியிருக்கக்கூடும். கிளாசிக் 650-ஐ 2024 நவம்பரில் ஐக்மாவில் காட்டினார்கள். இந்தியாவில் அதற்கு விலை அறிவித்தது 2025 மார்ச் கடைசியில். கண்காட்சி மேடைக்கும் விலைப் பட்டியலுக்கும் நடுவே நான்கு மாதத்துக்கும் மேல். அதன் பிறகு புக்கிங், பிறகு பெருநகர ஷோரூம்கள், அதற்கும் பிறகுதான் ஈரோடு, கரூர் போன்ற ஊர்கள். காட்டிய கையோடு விலையும் சொல்லிவிடும் வண்டிகளும் உண்டு. 2024 நவம்பரில் கோவன் கிளாசிக் 350 அப்படித்தான் வந்தது. ஆனால் படம் வந்துவிட்டது என்பதற்காக டெலிவரி நாளைக் கணக்குப் போடாதீர்கள்.

நிறுவனத்தின் விருப்பத்தைவிட வலுவாக வண்டியை மாற்றுவது அரசு விதி. அதற்கான நாள் பெரும்பாலும் ஏப்ரல் 1. 2017 ஏப்ரல் 1-இல், வண்டி விடும் புகைக்கு அரசு வகுத்த வரம்பான பாரத் ஸ்டேஜின் நான்காம் நிலை, அதாவது பிஎஸ்-4 வந்தது. முகப்பு விளக்கு எப்போதும் எரியும் விதியும் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. 2019 ஏப்ரல் 1-இல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா வண்டிகளுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது. 2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ்-6. 2023 ஏப்ரலில் அதன் இரண்டாம் கட்டம். 2025 ஏப்ரலில், புகைக் கட்டுப்பாட்டு அமைப்பில் கோளாறு வந்தால் வண்டியே கண்டுபிடித்துச் சொல்லும் ஓபிடி-2பி.

இந்தத் தேதிகளின் வலிமையை எங்கள் துறையில் எல்லோரும் நேரில் பார்த்தது 2017 மார்ச்சில். ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-3 வண்டிகளை விற்கவும் கூடாது, பதியவும் கூடாது என்று மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்போது நாடெங்கும் விற்காமல் கிடந்த பிஎஸ்-3 இருசக்கர வாகனங்கள் மட்டும் ஆறரை லட்சத்துக்கு மேல். கையில் இருந்தவை இரண்டே நாள்கள். சில மாடல்களுக்கு இருபதாயிரம் ரூபாய்க்கு மேலும் தள்ளுபடி கொடுத்தார்கள். ஷோரூம் வாசல்களில் வரிசை நின்றது. பிற்பகலுக்குள் "ஸ்டாக் இல்லை" என்று பலகை வைத்த இடங்கள் உண்டு. அன்று வாங்கியவர்கள் யாரும் ஏமாந்துவிடவில்லை. முறையாக மார்ச் 31-க்குள் பதிவான அந்த வண்டிகளுக்கும் மற்ற வண்டிகளைப்போல 15 ஆண்டுப் பதிவு உண்டு.

2019 மார்ச்சில் நிலைமை வேறு. ஏபிஎஸ் இல்லாத கடைசி வண்டிகளைக் குறைந்த விலைக்குக் கேட்டு வந்தவர்களிடம், முடிந்தால் ஏப்ரல் வரை பொறுங்கள் என்றே சொன்னேன். ஈரச் சாலையில் திடீரென்று பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பாற்றும் கருவி அது. புதிய வண்டியில் கூடுதலாக வருவது உயிர் காக்கும் ஒன்றா, அல்லது புதிய நிறமும் யுஎஸ்பி துளையுமா என்று பாருங்கள். முதலாவது என்றால் எத்தனை மாதமானாலும் காத்திருக்கலாம். இரண்டாவதுக்காக ஒரு வாரம்கூடக் காத்திருக்கத் தேவையில்லை. இன்றைக்கு ஷோரூமில் நிற்கும் 350 சிசி வண்டிகளில் ஏபிஎஸ், பிஎஸ்-6 இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. உங்கள் விஷயத்தில் அந்தக் கவலை இல்லை.

தீபாவளிக்கு எடுக்க முடியவில்லையே என்ற வருத்தம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. வருந்த வேண்டாம். 2025-இல் விலையை உண்மையில் புரட்டிப்போட்ட நாள் செப்டம்பர் 22. அன்றுதான் 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18-ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு அதே நாளில் 40 சதவீதமாக உயர்ந்தது. ஆகஸ்டில் வாங்கியவரும் செப்டம்பர் கடைசியில் வாங்கியவரும் எடுத்தது ஒரே மாதத்தில் தயாரான வண்டியாகவே இருந்திருக்கலாம். விலையில் மட்டும் பல ஆயிரம் ரூபாய் வித்தியாசம். அந்தக் குறைந்த வரி உங்களுக்கும் கிடைக்கும்.

இனி உங்கள் நேரடிக் கேள்வி. 2026-இல் தயாரான வண்டி ஈரோட்டு ஷோரூமுக்கு எப்போது வரும்? மோட்டார் சைக்கிள் ஆலையிலிருந்து நேராக ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் வந்து நிற்பதில்லை. ஆலையின் களத்தில் சில நாள், லாரியில் சில நாள், முகவரின் கிடங்கில் சில வாரம். ஒசூரிலோ ஒரகடத்திலோ தயாராகும் வண்டி லாரி ஏறினால் ஓரிரு நாளில் நம் ஊருக்கு வந்துவிடும். ஹரியானாவிலிருந்து வருவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். வந்தாலும் உடனே விற்பனைக்கு வராது. முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பது கிடங்கின் வழக்கம். அதனால் வேகமாக விற்கும் மாடல், வேகமாக விற்கும் நிறம் என்றால் ஜனவரி மூன்றாம் வாரத்தில் புதிய ஆண்டு வண்டி கிடைக்கும். மெதுவாக நகரும் நிறம் என்றால் பிப்ரவரி கடைசிகூட ஆகலாம். ஜனவரி 2-ஆம் தேதி ஒருவர் "இதோ 2026 வண்டி" என்று காட்டினால் சேஸிஸ் எண்ணைப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

அந்த எண்ணைப் படிப்பது எளிது. ஹேண்டில்பாருக்குக் கீழே, வண்டிச் சட்டகத்தின் கழுத்துப் பகுதியில் 17 எழுத்துகளும் எண்களுமாகப் பொறித்திருப்பார்கள். இடப்பக்கத்திலிருந்து பத்தாவதாக வருவது பெரும்பாலும் ஆண்டைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. 2024-க்கு ஆர், 2025-க்கு எஸ், 2026-க்கு எஸ்ஸை அடுத்து வரும் டி. மாதத்துக்கும் ஓர் எழுத்து உண்டு. அது நிற்கும் இடம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் விற்பனையாளரிடமே கேட்டு, "இந்தச் சேஸிஸ் எண்ணுள்ள வண்டி இந்த மாதம் தயாரானது" என்று புக்கிங் ரசீதில் எழுதி வாங்குங்கள். நேர்மையான கடையில் இதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சுளித்தால் அந்தக் கடையைப் பற்றி உங்களுக்கு ஒரு செய்தி கிடைத்துவிட்டது.

பத்தாயிரம் ரூபாய்த் தள்ளுபடி எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? மாதக் கடைசியில் நிறுவனத்தின் விற்பனை அதிகாரி, இலக்கை எட்டுவதற்காக முகவரை அதிக வண்டி எடுக்கச் சொல்வார். ஆலையிலிருந்து அனுப்பிய அன்றே நிறுவனத்துக்கு அது விற்பனை. முகவருக்கோ அன்றிலிருந்துதான் வட்டி தொடங்குகிறது. பெரும்பாலான முகவர்கள் வங்கிக் கடனில்தான் ஸ்டாக் எடுக்கிறார்கள். இரண்டு லட்சம் ரூபாய் வண்டி, ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதம் 2,000 ரூபாய். ஐந்து மாதம் கிடங்கில் நின்ற வண்டி, வட்டியில் மட்டும் பத்தாயிரத்தைத் தின்றிருக்கும். ஆண்டு மாறிவிட்டால் அதைத் தள்ளுவது இன்னும் கடினம். ஆகவே டிசம்பரில் பத்தாயிரத்தை விட்டுக்கொடுத்தாவது அனுப்பிவிட வேண்டும் என்பது அவருடைய நியாயமான கணக்கு. அதில் ஏமாற்று இல்லை. ஆனால் தள்ளுபடி எல்லா நிறத்துக்கும் உண்டா, குறிப்பிட்ட ஒரு நிறத்துக்கு மட்டுமா என்று கேளுங்கள். ஒரு நிறத்துக்கு மட்டும் என்றால் அந்த வண்டி தீபாவளிக்கும் முன்பே வந்து, யாரும் கேட்காமல் நின்றது என்று பொருள்.

அந்தத் தள்ளுபடி உங்களுக்கு லாபமா? காப்பீட்டில் வண்டியின் மதிப்பைக் குறைக்க ஓர் அட்டவணை உண்டு. ஓராண்டைத் தாண்டிய வண்டிக்கு 20 சதவீதம், இரண்டைத் தாண்டினால் 30, மூன்றைத் தாண்டினால் 40, நான்கைத் தாண்டினால் 50. ஓர் ஆண்டு கூடினால் பத்து சதவீதம் போகிறது. இரண்டு லட்சம் ரூபாய் வண்டியில் அது 20,000 ரூபாய். ஆனால் பழைய வண்டிச் சந்தை இந்த அட்டவணையை அப்படியே பின்பற்றுவதில்லை. நன்றாக வைத்திருந்த 350 சிசி வண்டிக்கு இதைவிட நல்ல விலை கிடைக்கும். வாங்க வருபவர் தயாரிப்பு ஆண்டைக் காட்டிப் பேரம் பேசுவார். பதிவு நாளையும் ஓடிய கிலோமீட்டரையும் சர்வீஸ் ரசீதுகளையும் காட்டி நீங்கள் எதிர்ப் பேரம் பேசுவீர்கள். என் அனுபவத்தில் மூன்றாம் ஆண்டு விற்கும்போது அந்த ஓர் எண்ணுக்காகக் குறைவது பத்தாயிரத்துக்கு அக்கம்பக்கம்தான் இருக்கும். ஆகவே மூன்று ஆண்டில் விற்கும் எண்ணம் இருந்தால் இன்றைய தள்ளுபடியும் நாளைய நஷ்டமும் ஏறக்குறைய சமம். அப்போது ஜனவரி வண்டிக்குப் பொறுத்திருப்பதில் தவறில்லை. ஐந்தாண்டுக்கு மேல் வைத்திருப்பீர்கள் என்றால் கதை மாறிவிடுகிறது. அந்த வயதில் வண்டியின் நிலைமைதான் பேசும், ஆண்டு பேசாது. தள்ளுபடி முழுக்க உங்கள் பக்கம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் விலையைச் சற்று ஏற்றுவது பல நிறுவனங்களின் வழக்கம். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்கு ஆயுள் வரி 12 சதவீதம் என்பதால், விலை இரண்டாயிரம் ஏறினால் வரியிலும் 240 ரூபாய் கூடும். சிறிய தொகைதான், ஆனாலும் காத்திருப்பதன் விலையில் அதுவும் அடக்கம்.

பத்தாயிரம் தள்ளுபடி பத்தாயிரமாகவே இருக்கிறதா என்பதைப் பில்லில் பாருங்கள். விலைப் பட்டியலில் கழித்துத் தரும் பணம் மட்டுமே தள்ளுபடி. இருக்கை உறை, கிராஷ் கார்டு, மேட் என்று கணக்குக் காட்டி "பத்தாயிரம் மதிப்புள்ள பொருள்" கொடுப்பது வேறு. ஹெல்மெட்டை இலவசம் என்று சொன்னால் அதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். இருசக்கர வாகனம் விற்கும்போது தரச் சான்று பெற்ற ஹெல்மெட்டைக் கொடுக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். சொந்தச் சேதக் காப்பீட்டை எந்த நிறுவனத்தில் எடுப்பது என்பது உங்கள் உரிமை. வெளியில் ஒரு விலை கேட்டுக்கொண்டு போனால் ஷோரூம் சொல்லும் தொகையும் இறங்கிவரும்.

கிடங்கில் நின்ற வண்டி என்பதால் பயப்பட வேண்டாம். பார்த்து வாங்கினால் போதும். இரண்டு மூன்று மாதம் நின்றதற்கு ஒன்றும் ஆகாது. ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால் பேட்டரியை முதலில் பாருங்கள். ஓடாமல் நிற்கும் பேட்டரி தானாகவே சக்தியை இழக்கும். நெடுநாள் இறங்கியே கிடந்தால் உள்ளே படியும் சல்பேட் அதன் ஆயுளைக் குறைத்துவிடும். என்ஜினை ஓட்டாத நிலையில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 12.6 வோல்ட்டை ஒட்டி இருந்தால் நல்லது, 12.2-க்கும் கீழே என்றால் வேறு பேட்டரி கேட்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3225 என்றால் 2025-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம் தயாரானது. டயர் வண்டியைவிட ஓரிரு மாதம் மூத்ததாக இருப்பது இயல்பு. ஓராண்டு மூத்தது என்றால் காரணம் கேளுங்கள். செயினில் துரு, பிரேக் வட்டில் ஆழமான துரு, முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, இருக்கையிலும் டேங்கிலும் வெயில் பட்டு மங்கிய தடம், இவை திறந்தவெளியில் நின்றதைக் காட்டிக்கொடுக்கும். டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றச் சொல்லுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். பல மாதம் கிடந்ததை என்ஜினுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஓடோமீட்டர் சில கிலோமீட்டரைக் காட்டினால் பரவாயில்லை. நூற்றுக்கணக்கில் காட்டினால் அது டெமோ வண்டி. அதை டெமோ விலைக்குத்தான் வாங்க வேண்டும். உத்தரவாதமும் இலவச சர்வீஸ்களும் விற்பனை நாளிலிருந்துதான் தொடங்கும் என்பதால் கிடங்கில் கழிந்த மாதங்கள் அவற்றில் குறையாது.

இனி அம்மா. அவருடைய மனத்தாங்கலோடு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். மார்கழியில் வண்டி எடுப்பதைத் தவிர்க்கும் வீடுகள் நம் பக்கத்தில் ஏராளம். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை ஷோரூம்கள் அடங்கிக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆண்டுக் கடைசியும் மார்கழியும் ஒன்றாக வந்து விழுவதால்தான் தமிழ்நாட்டில் இந்த நாள்களில் பேரம் பேச இவ்வளவு இடம் கிடைக்கிறது. அம்மா சொல்வதையும் கேட்டு, தள்ளுபடியையும் பெற வழி இருக்கிறது. கார்த்திகை முடிவதற்குள் வண்டியைப் பார்த்து, சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு முன்பணம் கட்டுங்கள். பில், பதிவு, டெலிவரி மூன்றையும் பொங்கலன்றோ அதற்கடுத்த நல்ல நாளிலோ வைத்துக்கொள்ளுங்கள். தை முதல் நாள் டெலிவரிக்கென்றே பல ஷோரூம்கள் தயாராகின்றன. அவர்களுக்கும் இது பழக்கமான ஏற்பாடுதான்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. புக்கிங் படிவத்தின் அடியில் "டெலிவரி நாளன்று உள்ள விலையே பொருந்தும்" என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஜனவரியில் விலை ஏறினால் அது உங்கள் தலையில் விழும். "தள்ளுபடி டிசம்பர் பில்லுக்கு மட்டும்" என்றும் சொல்லிவிடலாம். ஆகவே எக்ஸ்ஷோரூம் விலை (பதிவும் காப்பீடும் சேராத விலை), தள்ளுபடி, டெலிவரி நாள், சேஸிஸ் எண் ஆகிய நான்கையும் மேலாளர் கையெழுத்தோடும் ஷோரூம் முத்திரையோடும் தனித்தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுத்தால் இரண்டு வழிதான். கார்த்திகையிலேயே, அதாவது டிசம்பர் 15-க்குள், பில் போட்டு வண்டியை எடுத்துவிடுங்கள். அம்மாவுக்கும் அதில் மறுப்பு இருக்காது. அது முடியாவிட்டால் இந்தத் தள்ளுபடியை மறந்துவிட்டு, தை பிறந்ததும் 2026 வண்டியையே கேட்டு வாங்குங்கள்.

நெடுநாள் ஆசை, தங்கை படிப்புக்காகத் தள்ளிவைத்தது என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சேர்த்த பணத்தில் வாங்கும் வண்டியை மூன்றே ஆண்டில் விற்றுவிடுவீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. என் கணிப்பு சரி என்றால், செப்டம்பருக்குப் பிறகு தயாரான 2025 வண்டி உங்களுக்குப் பிடித்த நிறத்தில் கிடைத்தால், பத்தாயிரமும் பில்லிலேயே கழிந்தால், தயங்காமல் எடுங்கள். நிறம் பிடிக்கவில்லை, தள்ளுபடிக்காகத்தான் எடுக்கிறேன் என்றால் வேண்டாம். ஜனவரி மூன்றாம் வாரம் வரை பொறுங்கள். எந்த வழியில் போனாலும், பணத்தில் ஒரு பகுதியைக் கடனாக எடுப்பதாக இருந்தால் வங்கியின் ஒப்புதல் கடிதத்தை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஷோரூம் கொண்டுவரும் ஃபைனான்ஸ் வட்டி ஒரு சதவீதம் கூடுதலாக இருந்தாலே, ஒன்றரை லட்சம் ரூபாய்க் கடனில் மூன்று ஆண்டில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் போய்விடும். அது உங்கள் தள்ளுபடியில் ஐந்தில் ஒரு பங்கு.